'த ஹோல் நைன் யார்ட்ஸ்' போர் விமானத்திலிருந்து வந்ததா?

இல்லை. 'முழு ஒன்பது கஜம்' என்று சொல் அமைந்த இந்த ஆங்கிலத் தொடருக்கு 'ஒன்றும் விடாமல் முழுவதும்' என்று பொருள். இரண்டாம் உலகப்போரில் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம், மொத்தத்தையும் சுட்டுத் தீர்ப்பதுதான் இந்தத் தொடர் என்று நீங்கள் கேட்ட கதை தேதியிலேயே அடிபட்டுப் போகிறது. 1907-லேயே இண்டியானா மாநிலத்தின் மிட்செல் ஊர்ப் பத்திரிகை, ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்று போட்டிருக்கிறது. அப்போது போர் விமானமே கிடையாது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த சான்று: 1912-இல் கென்டக்கிப் பத்திரிகை ஒன்றில் இது 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்'. ஆறு கஜம்! எண்ணே நிலையாக இல்லை என்றால், தோட்டாப் பட்டை, துணி, கான்கிரீட் லாரி என்று ஒன்பதை அளந்து காட்டும் கதை எதுவும் நிற்காது. 'முழுவதும்' என்று அழுத்திச் சொல்லப் பிறந்த பேச்சு, அதில் எண் ஆறாகவும் ஒன்பதாகவும் மாறி வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்கிளிங் அமெரிக்கா' தளத்தில் பழைய பத்திரிகைகள் இலவசம். ஆறு, ஒன்பது, 'ஃபுல்', 'ஹோல்' எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் தேடுங்கள். அப்புறம் பக்கப் படத்தைத் திறந்து படியுங்கள். கணினி வாசித்த எழுத்தில் பிழை அதிகம்.

ஒரு எச்சரிக்கை: ஜவுளி விளம்பரத்தில் நிஜமாகவே ஒன்பது கஜத் துணி வரும். அதைச் சான்றாக எடுக்காதீர்கள். 1907 என்பதும் இதுவரை கிடைத்த பழைய தேதிதான், பிறந்த தேதி அல்ல.