செங்கோட்டையில் பழைய ஓட்டு வீடு வாங்குமுன் அதன் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

முடிந்தால் ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சாரல் அடிக்கும் ஊர் அது. கோடையில் புது வெள்ளையடிப்பு மறைத்து வைத்த ஈரம் அப்போது வெளியே வந்துவிடும். மேற்குச் சுவரை முதலில் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் காரை பொடிப்பொடியாக உதிர்கிறதா? நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. மேலே பெயின்ட் அடித்து இதைச் சரிசெய்ய முடியாது. விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் கூரை. உடைந்த ஓடுகளை மாற்றுவது பெரிய செலவில்லை, அவற்றைத் தாங்கும் உத்திரமும் சாய்வாகப் போகும் கைமரமும் போயிருந்தால்தான் சிக்கல். மரம் சுவருக்குள் இறங்கும் இடத்தில்தான் ஈரம் தங்கும், கரையானும் பெரும்பாலும் அங்கேதான் ஏறும். ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே சரக்கென்று இறங்கினால் மரம் செத்துவிட்டது. தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலும் அதே கதைதான்.

வயரிங்குக்கு ஓர் எலக்ட்ரீஷியன் போதும். தச்சரையும் கொத்தனாரையும் நீங்களே கூட்டிப் போங்கள், தரகர் அனுப்பும் ஆள் வேண்டாம். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், கிணறு எந்த மாதம் வற்றும் என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவர் சொல்லாததையெல்லாம் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.