காதணி விழா பேனரில் தொடங்கலாம்

கேள்வி: இளங்கலை இரண்டாம் ஆண்டுக்குப் ‘பண்பாட்டு ஆய்வுகள்’ தாள் நடத்துகிறேன். வெகுசனப் பண்பாட்டை விமர்சித்த ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோவில் தொடங்கினால் தூங்குகிறார்கள். சினிமா போஸ்டரைக் காட்டினால் ரசிகர் சண்டையாகிறது. எதில் தொடங்குவது?
— கல்லூரி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: காதணி விழா பேனர் ஒன்றைக் கொண்டு போங்கள். யாரும் அதற்கு ரசிகர் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பொருள். வீட்டாரிடம் கேட்டுப் படமெடுத்து, குழந்தை முகத்தையும் செல்பேசி எண்ணையும் மறைத்துத் திரையிடுங்கள். மாணவர்களின் சொந்த ஊர்ப் பேனர் வேண்டாம். ஓரத்தில் ஒரு சாதித் தலைவர் படம் இருந்தால் போதும், போஸ்டர் சண்டையே தேவலை என்றாகிவிடும்.

நான்கு பேர் கொண்ட குழுக்கள். முதல் 10 நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் எழுதட்டும்: யார் படம் பெரிது, யார் பெயருக்குப் பின்னால் பட்டம், தாய்மாமன் எங்கே, பெண்கள் எத்தனை பேர். இந்த இடத்தில்தான் வகுப்பு வழுக்கும். “இது ஆணாதிக்கம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதிரிச் சொற்களுக்கு முதல் வாரம் தடை போடுங்கள்.

அடுத்து ஃபிளெக்ஸ் அச்சகம். சதுர அடிக் கணக்கு, கணினியில் தயாராக இருக்கும் மாதிரிகள், எந்தப் படம் எங்கே என்று முடிவு செய்பவர் வீட்டாரா வடிவமைப்பாளரா என்று விசாரித்து வரட்டும். பேனரில் அனுமதி எண் இருக்கிறதா? விழா முடிந்ததும் அது ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானதா? இந்தக் குறிப்புகளெல்லாம் கைக்கு வந்த பிறகு ‘பண்பாட்டுச் சுற்று’ பற்றிச் சொல்லுங்கள். ஒரு பண்பாட்டுப் பொருளை ஐந்து கோணங்களில் பார்க்கும் முறை அது. பிரிட்டன் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் சோனி வாக்மேனை வைத்து விளக்கினார்கள்: பிரதிநிதித்துவம், அடையாளம், உற்பத்தி, நுகர்வு, நெறிப்படுத்தல். மாணவர்கள் தங்கள் குறிப்புகளைத் தாங்களே அந்த ஐந்தில் பிரித்துப் போடுவார்கள். எதிலும் அடங்காத குறிப்பைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல விவாதம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

தொலைக்காட்சிச் செய்தியைப் பார்வையாளர் மூன்று விதமாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஹால் 1973இல் எழுதினார். பேனருக்கும் அது பொருந்தும். தாய்மாமன் வீட்டார் பெருமையாகப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டார், “நல்லாத்தான் இருக்கு, இவ்வளவு பெரிசா வேணுமா?” என்பார்கள். அடுத்த தெருக்காரர் ஓரத்துத் தலைவரைப் பார்த்து முகம் சுளிப்பார். நடுவில் நிற்பவரைத்தான் மாணவர்கள் கோட்டைவிடுகிறார்கள். அவர் பாதி ஏற்கிறார், பாதி மறுக்கிறார்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1964இல் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியது போன்ற வரலாறு மூன்றாம் வாரம் போதும். அடோர்னோ அதற்கும் பிறகு. அப்போது அவரோடு மல்லுக்கட்ட மாணவர்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

கேள்வி: நாட்டார் பண்பாடும் வெகுசனப் பண்பாடும் ஒன்றுதானா?
— முதுகலை மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. நாட்டார் மரபு ஒரு சமூகம் தனக்குள் கைமாற்றிக்கொள்வது. வெகுசனப் பண்பாட்டில் சந்தையும் பெருமளவு உற்பத்தியும் நடுவே வருகின்றன. ஆனால் எல்லைக் கோடு தேடி அலையாதீர்கள். மேலே சொன்ன பேனரையே பாருங்கள்: தாய்மாமன் சீர் நாட்டார் வழக்கம், அதை அறிவிக்கும் மாதிரி அச்சகத்துக் கணினியிலிருந்து வந்தது.