காலின் பலத்தைக் கையடக்கக் கருவியில் அளப்பது: கேள்வி பதில்

கோலாலம்பூரில் விளையாட்டு வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். கையடக்க டைனமோமீட்டர், அதாவது தசை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று காட்டும் சிறு கருவி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மேடம், எங்கள் கபடி குழுவுக்கு ஒரு கருவி வாங்கினோம். யாரை அளந்தாலும் இரண்டு காலும் ஒன்றுபோலவே காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா? (பயிற்சியாளர், செந்தூல்)

கருவியில் கோளாறு இருக்காது, சார். நீங்கள் அளந்தது உங்கள் கையின் பலத்தை. முன்தொடைத் தசை உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று. நன்றாகப் பயிற்சி எடுத்தவர் காலை நீட்டி உதைத்தால் நம் கை தாங்காது. கை எங்கே தோற்கிறதோ அங்கேயே எண் நின்றுவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. முழங்கால் தசைநார் அறுவை முடிந்து வந்த ஒரு பந்து விளையாட்டுக்காரர். கையால் பிடித்து அளந்தேன், இரண்டு காலுக்கும் 270 நியூட்டன். என் முழங்கை நடுங்கியதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. கையால் பிடிக்காமல், கருவியைப் பெல்ட்டால் கட்டில் காலோடு கட்டி மறுபடி அளந்தால் நல்ல கால் 520, அறுவை செய்த கால் 400. அதாவது நல்ல காலில் 77 சதவீதம்தான். அன்று பெல்ட் போடாமல் இருந்திருந்தால் அவரைத் திடலுக்கு அனுப்பியிருப்பேன். இன்றும் நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆகவே பெல்ட் கட்டுங்கள். கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, முழங்காலை 90 பாகையில் மடக்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே கருவியை வையுங்கள். பின்னால் சாய விடாதீர்கள்.

தள்ளச் சொல்ல வேண்டுமா, நாம் தள்ளுவதைத் தாங்கச் சொல்ல வேண்டுமா? (மாணவி, பினாங்கு)

தாங்கும் முறையில் எண் பொதுவாகக் கூடுதலாக வரும். இரண்டையும் கலந்து ஒப்பிடாதேம்மா. பெல்ட்டோடு தள்ளும் முறை போதும்: 5 விநாடி, மூன்று தடவை, நடுவே ஓய்வு.

என் மகனுக்கு அடிபட்ட காலின் பலம் நல்ல காலில் 90 சதவீதம் வந்துவிட்டது. விளையாடலாமா அக்கா? (பட்டர்வொர்த்)

அவசரம் வேண்டாம்மா. மாதக்கணக்கில் ஓய்வெடுத்தால் நல்ல காலும் இளைக்கும். அப்போது விகிதம் மட்டும் அழகாகத் தெரியும். உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒற்றைக்கால் தாவலையும் சோதிக்கச் சொல்லுங்கள். தசைநார் அறுவை என்றால் 9 மாதத்துக்கு முன் திரும்புபவர்களுக்கு மறுபடி அடிபடும் ஆபத்து அதிகம்.

தொங்கு தராசு வைத்து அளக்கலாமா? (ஜிம் நடத்துபவர், கெப்போங்)

தாராளமாக. உச்ச எண்ணைப் பிடித்து வைக்கும் டிஜிட்டல் தராசாக இருக்கட்டும். முதலில் எடை தெரிந்த ஒரு தட்டைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். கிலோவை 9.81ஆல் பெருக்கினால் நியூட்டன். அதை முழங்காலிலிருந்து கணுக்காலில் மாட்டிய பட்டை வரையுள்ள மீட்டர் தூரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை, அதாவது மூட்டைத் திருப்பும் விசை. உயரமானவரையும் குட்டையானவரையும் ஒப்பிட அதுதான் சரி.

வலித்தால்?

உடனே நிறுத்திவிடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ‘வலி’ என்று எழுதி வையுங்கள். வலியோடு வந்த எண் தசையின் பலத்தைச் சொல்லாது.