வெண்டைக்காயும் நிலப் பட்டாவும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணவு பற்றி உங்கள் கேள்விகள்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருவாரூர் பக்கம், அப்பா நெல் விவசாயி. 19 வருடமாக ஜார்ஜியா மாநிலத்தின் கடற்கரையோரம் இருக்கிறேன். கறுப்பின விவசாயிகள் நடத்தும் ஒரு சிறிய கூட்டுறவில் விதை காயவைப்பது, பிரிப்பது, பத்திரப்படுத்துவது என் வேலை. அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, "உணவு இறையாண்மை" என்று போட்டிருந்தீர்கள். உணவுப் பாதுகாப்பு என்று சொன்னால் போதாதா? (கல்லூரி மாணவி, மதுரை)

போதாதும்மா. ஏன் என்று ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தில் லெஃப்ளோர் என்று ஒரு மாவட்டம், அதன் முக்கிய ஊர் கிரீன்வுட். பருத்திக்காடு. அங்கே கறுப்பின மக்களில் பெரும்பாலோர் விளைச்சலில் பங்கு என்று அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள், கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். பருத்தி முடிந்து அடுத்த நடவு வரைக்கும் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் அரசு கொடுத்த மாவு, அரிசி, பால்பவுடர்தான் சோறு. 1962-ல் அவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பினார்கள். உடனே மாவட்ட நிர்வாகக் குழு அந்த உணவு விநியோகத்தையே நிறுத்தியது. சுமார் 22,000 பேர் வயிற்றில் அடித்தார்கள், அதுவும் குளிர்காலத்தில். வெளியூர்களிலிருந்து லாரியிலும் விமானத்திலும் உணவு வந்து சேர்ந்ததால்தான் அந்தக் குளிரைத் தாண்டினார்கள்.

முதல் நாள் வரை அங்கே "உணவுப் பாதுகாப்பு" இருந்தது, பார். தட்டில் சோறு இருந்தது. அந்தத் தட்டை இழுத்துக்கொள்ளும் கை வேறொருவனுடையதாக இருந்தது. நிலம், விதை, தண்ணீர், சந்தை இதெல்லாம் யார் கையில் என்று கேட்பதுதான் உணவு இறையாண்மை. அந்தச் சொல்லை 1996-ல் ரோம் உணவு மாநாட்டின்போது உலகறியச் செய்தது லா வியா கம்பெசினா என்ற விவசாயிகள் இயக்கம். சொல் புதிது. கிரீன்வுட்டில் பட்டினி கிடந்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும்.

வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனது என்கிறார்களே, உண்மையா? (இல்லத்தரசி, சேலம்)

உண்மை. வெண்டை முதலில் தோன்றியது ஆப்பிரிக்காவிலா ஆசியாவிலா என்று தாவரவியல்காரர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. ஆனால் அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு போனது என்பதில் வழக்கில்லை. லூயிசியானாவில் "கம்போ" என்று ஒரு கெட்டிக் குழம்பு உண்டு. அந்தப் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும், ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிச் சொல். "ஓக்ரா" என்பது நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. தெற்கே நிலக்கடலையைக் "கூபர்" என்பார்கள், அது கொங்கோ மொழியின் "ங்கூபா". சார்ல்ஸ்டன் நகரில் எள்ளுக்குப் பெயர் "பென்னி", அதுவும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல்தான். மனிதர்களின் பெயரை மாற்றினார்கள், மொழியைப் பேசவிடாமல் செய்தார்கள். காய்க்கும் பருப்புக்கும் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. முதல்முறை இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நம் அடுக்களையையும் ஒரு தடவை பாருங்கள். கேழ்வரகு, கம்பு, சோளம், தட்டைப்பயறு எல்லாமே ஆப்பிரிக்க உழவர்கள் காட்டுச்செடியிலிருந்து பழக்கி எடுத்தவை. புளியமரமும் அந்த மண்ணின் மரம்தான். ஆயிரமாயிரம் வருடத்துக்கு முன்பே கடல் கடந்து வந்து நம்முடையவை ஆகிவிட்டன.

கரோலினா அரிசியை உலகப் புகழ் ஆக்கியது வெள்ளைக்கார முதலாளிகளா, அடிமைகளா? நான் நெல் போடுகிறவன், அதனால் கேட்கிறேன். (விவசாயி, மன்னார்குடி)

ஐயா, நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இது நெல் போட்டவருக்குத்தான் சட்டென்று விளங்கும்.

தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில் ஆறுகள் கடலில் சேரும் இடமெல்லாம் சதுப்பு. கடல் ஏறும்போது அது ஆற்றின் நல்ல தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும், ஆற்று மட்டம் உயரும். அந்த நேரம் மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும், கடல் இறங்கும்போது திறந்தால் வடியும். உப்புநீர் உள்ளே வந்துவிடாமல் இதைச் செய்ய வேண்டும். ஒரு மதகைத் தப்பான நேரத்தில் திறந்தால் பயிர் போச்சு. சைப்ரஸ் மரக்காட்டை வெட்டி, சேற்றை மண்வெட்டியால் அள்ளி, மைல் கணக்கில் வரப்பு போட்டது முழுக்க அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். முழங்கால் தண்ணீரில், பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவில். இங்கே மதகுக்கு "டிரங்க்" என்று பெயர், அதாவது அடிமரம். ஆரம்பத்தில் மரத்தைக் குடைந்து வரப்புக்கு அடியில் குழாய்போல் வைத்ததால் வந்த பெயர் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கடற்கரையில் அலையாத்திக் காடுகளில் நெல் போட்டவர்களும் இப்படிக் குடைந்த மரத்தைத்தான் வைத்தார்கள்.

இந்த அறிவில் எவ்வளவு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, எவ்வளவு இங்கே உருவானது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். "கரோலினா கோல்டு" என்ற புகழ்பெற்ற நெல் ஆசிய இனம், ஆப்பிரிக்க நெல் அல்ல என்பதும் சரி. இருந்தாலும் உழைப்பை மட்டும் கொடுத்தார்கள், மூளையைக் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெற்கு கரோலினாவில் செயின்ட் ஹெலினா என்ற தீவில் ஒரு பாட்டியம்மா எனக்குப் புடைத்துக் காட்டினார். அவர்கள் முறம் நம்முடையதுபோல் ஒரு பக்கம் திறந்தது அல்ல. தாம்பாளம்போல் வட்டமானது, கோரையைச் சுருள் சுருளாகச் சுற்றி ஓலைக்கீற்றால் தைத்தது. அதில் குத்திய நெல்லை எடுத்து, காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்தார். உமி பறந்தது, ஒரு மணி கீழே விழவில்லை. பக்கத்தில் மர உரல், உலக்கை. எங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல் இருந்தது. இந்த மக்களைத்தான் கல்லா-கீச்சி என்பார்கள். இவர்கள் வாழும் கடற்கரைப் பகுதியை 2006-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பண்பாட்டு மரபு வழித்தடமாக அறிவித்தது.

இன்னொரு செய்தி. இவர்கள் முன்னோர் வீட்டுத் தோட்டங்களில் போட்ட மானாவாரி மலைநெல் ஒன்று இங்கே அழிந்தே போனது. 2016-ல் சார்ல்ஸ்டன் சமையல்கலைஞர் பி.ஜே. டென்னிஸ் டிரினிடாட் தீவுக்குப் போனபோது, அப்படி ஒரு மலைநெல் அங்கே வயலில் நிற்பதைப் பார்த்தார். போட்டவர்கள் யார் தெரியுமா? 1812-ல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து விடுதலை பெற்று, டிரினிடாட்டில் குடியேறிய கறுப்பின வீரர்களின் வம்சம்.

பெண்கள் தலைமுடியில் நெல்லை வைத்துப் பின்னிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு பதிவு பார்த்தேன். கதைதானே? (ஐடி ஊழியர், சென்னை)

வாய்மொழி வரலாறு, தம்பி. தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில் அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி மழைக்காட்டுக்குள் ஊர் அமைத்துக்கொண்ட மரூன் மக்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். எந்தப் பாட்டி கொண்டுவந்தது என்று பெயரோடு சொல்கிறார்கள், சில நெல் வகைகளுக்கு அந்தப் பெண்களின் பெயரே இருக்கிறது. தப்பி ஓடுகிறவர்களின் விதைக் கணக்கை எந்தக் கப்பல் அதிகாரி எழுதி வைத்திருப்பான்? எழுத்தில் இல்லை என்பதற்காகக் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் சாப்பாடு என்றாலே பொரித்த கோழி, பன்றிக் கொழுப்பு என்றுதானே பார்க்கிறோம். இதில் காப்பாற்ற என்ன மரபு இருக்கிறது? (பெயர் வேண்டாம் என்றவர்)

நீங்கள் பார்ப்பது கடைச் சாப்பாடு. பொரித்த கோழி விசேஷ நாளுக்கு, நம் வீட்டில் தீபாவளிக்குச் செய்கிற மாதிரி. அடிமைக் காலத்தில் தோட்ட முதலாளி வாரத்துக்கு அளந்து கொடுத்தது பெரும்பாலும் மக்காச்சோள மாவும் கொஞ்சம் உப்புப் பன்றிக்கறியும்தான். அதில் உயிர் நிற்காது. இருட்டிய பிறகு குடிசைக்குப் பின்னால் கொத்திப் போட்ட தோட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது. கொலார்டு, டர்னிப் கீரைகள், தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, வெண்டை. கீரை வெந்த தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். அதற்குத் தனிப் பெயர் உண்டு, "பாட் லிக்கர்". மக்காச்சோள ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.

இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் இன்று விவசாயத்தில் இல்லை? நகரத்துக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டார்களா? (ஓய்வுபெற்ற வட்டாட்சியர், திருச்சி)

ஐயா, நிலம் போனது. போனது என்பதைவிடப் பிடுங்கப்பட்டது என்பதே சரி.

1865 ஜனவரியில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், வடக்குப் படைத்தளபதி ஜெனரல் ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். கடற்கரையோரம் சுமார் 4 லட்சம் ஏக்கரை விடுதலையான குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பிரித்துக் கொடுக்கலாம் என்று. அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் புரட்டிப்போட்டு, பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். அப்படியும் இவர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். 1910 வாக்கில் சுமார் 1.5 கோடி ஏக்கர் கறுப்பின விவசாயிகள் கையில் இருந்தது. 1920-ல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள், அதாவது நாட்டின் விவசாயிகளில் ஏழில் ஒருவர். இன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

எப்படி? கொலை மிரட்டல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடன். விதைக்கிற மாதத்தில் வர வேண்டிய பயிர்க்கடனைக் கறுப்பின விவசாயிக்கு அரசு நடவு முடிந்த பிறகு கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து வேளாண் துறை மீது போட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999-ல் சமரசத்துக்கு வந்தது. அதற்குள் பலர் நிலத்தை இழந்திருந்தார்கள்.

நீங்கள் வட்டாட்சியராக இருந்தவர், அடுத்தது உங்களுக்கு உடனே புரியும்: கூட்டுப்பட்டா. நீதிமன்றத்தை நம்பாத மக்கள் உயில் எழுதவில்லை. தாத்தா இறந்தால் நிலம் பிரியாமல் எல்லா வாரிசுக்கும் பொது. மூன்று தலைமுறையில் 50, 60 பங்குதாரர். எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பேரனிடம் ஒரு சின்னப் பங்கை ரிசார்ட் கட்டுகிறவன் வாங்குவான். வாங்கியவன் கோர்ட்டுக்குப் போய்ப் பாகப்பிரிவினை கேட்பான். பிரிக்க முடியாது என்று முழு நிலமும் ஏலத்துக்கு வரும், அடிமாட்டு விலைக்கு அவனே எடுப்பான். 1956-ல் பாலம் வந்தபின் தெற்கு கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவு கோல்ஃப் மைதானமாக மாறியதைப் போய்ப் பாருங்கள். இப்போது பல மாநிலங்களில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஜார்ஜியாவில் 2012-ல், தெற்கு கரோலினாவில் 2016-ல். மற்ற பங்குதாரர்கள் அந்தப் பங்கை நியாய விலைக்கு முதலில் வாங்கிக்கொள்ள வழி செய்கிறது. எங்கள் கூட்டுறவில் விதை வேலை பாதி என்றால், உயில் எழுதச் சொல்லி வீடு வீடாகப் போவது பாதி.

ஃபேனி லூ ஹேமர் ஓட்டுரிமைக்குப் போராடியவர் என்று தெரியும். பன்றி வங்கி நடத்தினாராமே? (ஆசிரியை, கோவை)

ஆமாம் டீச்சர். 20 பிள்ளைகளில் கடைசி, வாரத்துக்கு உழுதவர் வீட்டுப் பெண். 1962-ல் வாக்காளராகப் பதியப் போன அன்றே, 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். ஓட்டுரிமை கேட்டால் வீடும் சோறும் போகும் என்பதை உடம்பால் அறிந்தவர். அதனால்தான் 1969-ல் மிசிசிப்பியின் சன்ஃபிளவர் மாவட்டத்தில் "சுதந்திரப் பண்ணை" கூட்டுறவைத் தொடங்கினார். முதலில் 40 ஏக்கர், சில வருடங்களில் 600-ஐத் தாண்டியது. மாதச் சந்தா 1 டாலர். அதையும் கட்ட முடியாதவர்களே அதிகம், அவர்களுக்கும் காய்கறி கிடைத்தது. பன்றி வங்கியில் பணமே கிடையாது. சினைப் பன்றியை ஒரு குடும்பத்திடம் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் குட்டிகள் அவர்களுக்கு, தாய் திரும்ப வங்கிக்கு. அது அடுத்த வீட்டுக்குப் போகும். கடனும் மோசமான பருவங்களும் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் பண்ணையை முடக்கின. 1977-ல் அவர் இறந்தார். அந்த யோசனையில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. முதல்தான் போதவில்லை.

நகரத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? (டொராண்டோவிலிருந்து)

டெட்ராய்ட்டைப் பாருங்கள். 2006-ல் அங்கே கறுப்பின மக்களின் உணவு இறையாண்மை அமைப்பு உருவானது. ஒரு பூங்காவில் 7 ஏக்கரில் பண்ணை நடத்துகிறார்கள். 2024-ல் மக்களே உறுப்பினராக இருக்கும் கூட்டுறவு மளிகைக்கடையையும் திறந்துவிட்டார்கள். நல்ல கடை இல்லாத பகுதியை "உணவுப் பாலைவனம்" என்பது வழக்கம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோட்டம் போடும் கேரன் வாஷிங்டன் அதை "உணவு நிறவெறி" என்று சொல்லச் சொல்கிறார். பாலைவனம் தானாக உண்டாகும், இது ஆளால் உண்டாக்கப்பட்டது. நானும் அவர் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று சொல்லுங்கள் அக்கா. (பலர்)

ஜார்ஜியாவின் சபேலோ தீவில் கீச்சி செம்பயறு என்று ஒன்று போடுகிறார்கள். நம் ஊரில் சிவப்புக் காராமணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆழாக்கு இரவே ஊறவையுங்கள். வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய் சேர்த்து, குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் சிறுதீயில் வேகவிடுங்கள். இங்கே புகைபோட்ட இறைச்சித் துண்டு போடுவார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பயறு உடையக் கூடாது, தண்ணீர் மட்டும் காவிநிறமாகக் கெட்டிப்பட வேண்டும். அந்தத் தண்ணீரை இறுத்து அளந்து, அதிலேயே அரிசியைப் பொங்கி, முக்கால் பதத்தில் பயறைக் கலந்து மூடிவிடுங்கள். "ஹாப்பின் ஜான்" இதுதான். புத்தாண்டு அன்று கீரையோடு சாப்பிடுவார்கள். மிச்சத்தை மறுநாள் சுடவைத்தால் அதற்கு வேறு பெயர், "ஸ்கிப்பின் ஜென்னி". எனக்கு மறுநாளைதுதான் பிடிக்கும்.