நாஸ் வாங்கிவிட்டால் கல்யாணப் படங்கள் பத்திரமா?

கேள்வி: கும்பகோணத்தில் திருமண ஸ்டூடியோ நடத்துகிறேன். எடிட்டிங்குக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பழைய படங்களும் வீடியோக்களும் சுமார் 7 டி.பி. அளவுக்குத் தனித்தனி எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று சென்ற மாதத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் போடுகிறதே தவிரத் திறக்கவில்லை. நான்கு டிஸ்க் போடும் நாஸ் (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) ஒன்றில் 4 டி.பி. டிஸ்க் நான்கைப் பொருத்தி, ‘ரெய்டு 5’ அமைத்து, செல்போனிலும் படம் பார்க்கும்படி செய்து தருவதாக விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். இனி ஆயுளுக்கும் எதுவும் அழியாது என்கிறார். நம்பி வாங்கலாமா? பழுதான டிஸ்கை என்ன செய்வது?

பதில்: நாஸ் வாங்குங்கள், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே கோப்புகளைத் திறந்து வேலை பார்க்கவும், சிதறிக் கிடக்கும் டிஸ்குகளை ஓரிடத்தில் சேர்க்கவும் நாஸ் பொருத்தமான கருவி. ‘எதுவும் அழியாது’ என்பது மட்டும் உண்மையன்று. ரெய்டு 5 என்பது, நான்கு டிஸ்குகளில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றையும் கொண்டு வேலை நிற்காமல் நடக்கச் செய்யும் ஏற்பாடு, அவ்வளவுதான். உங்கள் உதவியாளர் தவறுதலாக ஒரு முகூர்த்தத்தின் ஃபோல்டரை நீக்கினால், அது நான்கு டிஸ்குகளிலிருந்தும் அந்த நொடியே நீங்கிவிடும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும், இடி இறங்கினாலும், திருட்டுப் போனாலும் நான்கும் சேர்ந்தே போகும். ஒரே பத்தாயத்துக்குள் நான்கு அறை தடுத்து நெல்லைப் பிரித்துக் கொட்டிவிட்டு, வெள்ளத்துக்குத் தப்பும் என்று நம்புவதைப் போன்றது இது. ரெய்டு வேறு, பேக்கப் (தனியே எடுத்து வைக்கும் நகல்) வேறு என்பதை விற்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். சொன்னால் விற்பனை தள்ளிப்போகும் என்பதால் சொல்வதில்லை.

ஆகவே முதலில் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன நான்கு 4 டி.பி. டிஸ்குகளில் ரெய்டு 5 போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 12 டி.பி. இரண்டு டிஸ்க் போடும் நாஸில் 12 டி.பி. டிஸ்க் இரண்டைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றொன்றிலும் எழுதும் ரெய்டு 1 அமைத்தாலும் கிடைப்பது அதே 12 டி.பி.தான். (கம்ப்யூட்டர் இதை 10.9 என்று காட்டும். அது கணக்கிடும் முறையால் வருவது, யாரும் ஏமாற்றவில்லை.) பெட்டி சிறியது, அமைப்பு எளியது, ஓடும் டிஸ்குகளும் இரண்டே. நான்கு டிஸ்க் பெட்டிக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை வெளியே வைக்கும் பேக்கப்புக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது, நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை: பெட்டியை விட அதற்குள் போகும் டிஸ்கில்தான் மோசடி நடக்கிறது. ‘எல்லாம் செட் செய்து கொண்டுவந்து தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், டிஸ்கின் கவர் பிரிக்கப்படும்போது நீங்கள் அருகில் இருக்க மாட்டீர்கள் என்று அதற்குப் பொருள். கண்காணிப்புக் கேமரா பதிவுக்கென்று விற்கும் டிஸ்கைப் போடுவார்கள், வேறெங்கோ ஆண்டுக்கணக்கில் ஓடிக் கழிந்ததைத் துடைத்துப் போடுவார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள், ஓட்டக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியவை என்று ஐரோப்பாவில் விற்கப்பட்டது அம்பலமானது. இடையில் புகுந்தவர்களின் வேலை அது. அந்த டிஸ்குகளுக்குள் ‘ஃபார்ம்’ என்னும் தனிப் பதிவில் உண்மையான கணக்கு தங்கியிருந்ததால்தான் பிடிபட்டது. ஐரோப்பாவிலேயே அப்படியென்றால் இங்கே யார் சோதிக்கப் போகிறார்கள்? இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் உறையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவை எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறையில் டிஸ்க் கைமாறுவதும் நாள்தோறும் நடக்கிறது.

டிஸ்குகளை நீங்களே தனியாக, சீரியல் எண் குறித்த ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, வாரன்டி இந்தியாவில் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். டிஸ்கைத் திருப்பி, பக்கவாட்டில் உள்ள திருகுத் துளைகளின் விளிம்பைப் பாருங்கள். புதிய டிஸ்கில் திருகு உரசிய தடம் இருக்காது. கேபிள் செருகும் இடத்துப் பொன்னிறப் பட்டைகளில் கீறல் இருந்தாலும் வாங்காதீர்கள். நாஸில் பொருத்தியவுடன், டிஸ்க் விவரப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைத் திறந்து பாருங்கள். ஓரிரு மணிக்கு மேல் காட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று, டிஸ்கில் எழுதும் முறை. தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுவது எஸ்.எம்.ஆர்.; படியாமல் எழுதுவது சி.எம்.ஆர். நாஸுக்கு சி.எம்.ஆர். மட்டுமே வேண்டும். ஒரு டிஸ்க் பழுதாகி மாற்றும்போது, எஸ்.எம்.ஆர். டிஸ்காக இருந்தால் மணிக்கணக்கில் முடிய வேண்டிய மீட்பு நாட்கணக்கில் இழுக்கும். பாதியில் முறிந்தும் போகலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான டிஸ்குகளில் எஸ்.எம்.ஆர். முறையைச் சொல்லாமலேயே புகுத்தியிருந்தது 2020இல் வெளியில் தெரிந்தது. எந்த டிஸ்க் எந்த முறை என்னும் பட்டியலை அதன் பிறகுதான் வெளியிட்டார்கள். இப்போது ‘ரெட் பிளஸ்’ என்பதும், சீகேட்டின் ‘அயர்ன்வுல்ஃப்’ என்பதும் சி.எம்.ஆர். வகை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எஸ்.எம்.ஆர். என்று கேட்டாலே பயந்து நல்ல பொருளைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே வைக்கும் பேக்கப் டிஸ்க், மாதம் ஒருமுறை எழுதிவிட்டு எடுத்து வைக்கும் டிஸ்க். அதில் அழித்து அழித்து எழுதும் வேலை இல்லை, ரெய்டு மீட்பும் இல்லை. கையடக்க எக்ஸ்டர்னல் டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். வகைதான், இந்த வேலைக்கு அவை தாராளமாகப் போதும். எழுதத் தொடங்கும்போது வேகமாகப் போய், கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். அது பழுதன்று, அதன் இயல்பு. இரவில் நகலெடுக்க விட்டுவிட்டுக் காலையில் கழற்றிக்கொள்ளுங்கள். ஆகவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிஸ்குகளில் நன்றாக இருப்பவற்றைத் தூக்கிப் போடாமல், இதற்கே பயன்படுத்துங்கள். அவற்றில் எடுக்கும் ஒரு முழு நகலாவது ஸ்டூடியோவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஊருக்குள் உறவினர் வீட்டில் மட்டும் இருப்பதும் போதாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, அது ஒரு தெருவையோ ஓர் ஊரையோ மட்டும் பார்த்து அடிக்கவில்லை. திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் தங்கை வீட்டு அலமாரி நல்ல இடம்.

செல்போனில் படம் பார்க்கும் வசதியை அவர் எப்படிச் செய்து தருவார் என்று கேளுங்கள். ‘ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவேன்’ (அதாவது, இணையத்திலிருந்து நேரே நாஸுக்கு வழி விடுவேன்) என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற வைரஸ், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ்களைத் தேடிப் பூட்டிப் பணம் கேட்டது. மணமகள் வீட்டாருக்குப் படம் காட்டுவதற்கு ஓர் ஆன்லைன் ஆல்பம் போதும். அதற்காக மூலக் கோப்புகள் இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

வயரிங்கில் ஒன்றை மட்டும் பாருங்கள்: கம்ப்யூட்டர்களையும் நாஸையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் கிகாபிட் வேக வகையாக இருந்தால் உங்கள் 7 டி.பி.யும் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் ஏறும். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சில் ஒரு வாரத்துக்கு மேலாகும். மின்சாரம் போனால் தானே ஒழுங்காக அணையும்படி, யு.எஸ்.பி. கேபிளால் நாஸோடு பேசக்கூடிய யு.பி.எஸ். வையுங்கள், வீட்டு இன்வெர்ட்டர் அந்த வேலையைச் செய்யாது.

கடைசியாக, சத்தம் போடும் அந்த டிஸ்க். அதை இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாதீர்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் உள்ளே படிக்கும் முனை பழுதானதைக் காட்டுகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டு சுரண்டப்படலாம். மீட்டெடுக்கும் மென்பொருள் எதுவும் இதற்கு உதவாது. ‘திறந்து பார்த்துச் சொல்கிறேன்’ என்னும் கடைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூசியற்ற தனி அறை இல்லாமல் டிஸ்கைத் திறப்பது, மிச்சமிருக்கும் வாய்ப்பையும் அழிப்பதாகும். வாரன்டியில் அனுப்பினால் வேறு டிஸ்க் வரும், அதுவும் பெரும்பாலும் பழுது நீக்கியதாகவே வரும், படங்கள் வரா. அத்தகைய அறை உள்ள மீட்பு நிறுவனத்தைத் தேடி, படங்கள் கிடைத்தால் மட்டுமே கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.