செங்கல் உதிர்கிறது, சாந்து மட்டும் அசையவில்லை: ஏரிக்கரை வீடு ஒன்றுக்குப் பதில்

கேள்வி: "வணக்கம் அண்ணா. ரொறன்ரோ கிழக்கில் பீச்சஸ் பகுதியில், ஏரியிலிருந்து ஏழு நிமிட நடையில், 1926இல் கட்டிய செங்கல் வீடொன்றைப் போன வருடம் வாங்கினோம். விற்றவர், நாங்கள் வாங்குவதற்கு முந்தின கோடையில்தான் சுவர் முழுக்கப் புதுப் பொயின்ரிங் (கற்களுக்கு இடையிலுள்ள மூட்டுகளில் சாந்து வைப்பது) செய்திருந்தார், அதைப் பார்த்து நம்பித்தான் வாங்கினோம். இப்போது வாசற்படிக்குப் பக்கத்திலுள்ள கற்கள் முகம் உரிந்து பிஸ்கட் மாதிரி உதிர்கின்றன, புகைபோக்கியிலும் அப்படித்தான். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் சீலர் (தண்ணீர் புகாமல் சுவரில் பூசும் திரவம்) அடிக்கச் சொல்கிறார், ஒருவர் டைப் எஸ் சாந்தால் இன்னும் வலுவாகச் செய்து தருகிறேன் என்கிறார், மற்றவர் பெயின்ற் அடித்தால் போதும் என்கிறார். அக்டோபர் வந்துவிட்டது. யாருக்குச் சரி சொல்வது?"

மூன்று பேருக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அவசரப்பட்டு யாருக்காவது முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சுவர் இந்தக் குளிர்காலத்தில் விழுந்துவிடப் போவதில்லை, ஆனால் பிழையான வேலை ஒன்று நடந்தால் அதைத் திருத்துவதற்கு இப்போது ஆகும் செலவைவிட மிகக் கூடுதலாகும்.

முதலில் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். உரிந்த ஒரு கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து பாருங்கள். கல்லின் முகம் போய் உள்ளே சிவப்பாக, விரல் பட்டாலே மாவாக உதிரும் பகுதி தெரியும். அதைச் சுற்றியுள்ள சாந்து மட்டும் சாம்பல் நிறத்தில், படத்துக்குச் சட்டம் போட்டது போல அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சாந்தைச் சாவியால் கீறுங்கள், கோடு விழாது. பிறகு மழை படாத இடமொன்றில், முன்வாசல் கூரைக்கு அடியில் மூலைப் பக்கமாக, பழைய சாந்து மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக இருக்கும். அது வெளிறிய மணல் நிறத்தில், நடுநடுவே கடுகளவு வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், சாவியை வைத்தால் பொலபொலவென்று கொட்டும். அந்த வெள்ளைப் புள்ளிகள் சுண்ணாம்பு. ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும்.

உங்கள் வீட்டின் பிரச்சினை முழுக்க அந்த இரண்டு சாந்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

செங்கல் தண்ணீர் குடிக்கும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கத் தேவையும் இல்லை. குடித்த தண்ணீர் வெளியேற வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் உள்ளது, அதனால் ஈரம் மூட்டு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். நாற்பது ஐம்பது வருடத்தில் அந்தச் சாந்து தேய்ந்து கொட்டும், சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள், கல் அப்படியே இருக்கும். அந்த மூட்டைக் கடினமான சீமெந்துச் சாந்தால் அடைத்துவிட்டால் ஈரத்துக்குக் கல்லின் முகத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஈரம் முழுக்க முகத்தில் வந்து நிற்கும்போது இரவு உறைகிறது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். கல்லுக்கு அதைத் தாங்கும் இடம் இல்லை, முகம் பிளக்கிறது.

ஏரிக்கரை இதில் ஏன் மோசம் என்று பலருக்குத் தெரிவதில்லை. குளிர் கடுமையாக இருப்பதால் அல்ல. வின்னிபெக்கில் நம்மைவிடக் குளிர் அதிகம், ஆனால் அங்கே உறைந்தது வாரக்கணக்கில் உறைந்தபடியே கிடக்கும். ஒன்ராறியோ ஏரி 244 மீற்றர் வரை ஆழமானது, பெரும்பாலான குளிர்காலங்களில் முழுதாக உறைவதே இல்லை, திறந்து கிடக்கும் அந்தத் தண்ணீர் கரையோரக் காற்றைப் பூச்சியத்தைச் சுற்றியே வைத்திருக்கும். பகலில் உருகுகிறது, மழைத்தூறல் வருகிறது, கல் குடிக்கிறது, இரவில் உறைகிறது, மறுநாள் திரும்பவும் அதே கதை. கல்லை உடைப்பது குளிர் அல்ல, இந்தப் போக்குவரத்துத்தான்.

இனி அந்த டைப் எஸ். இங்கே சாந்து வகைகளுக்கு எம், எஸ், என், ஓ, கே என்று எழுத்துகள் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் 'மேசன் வேர்க்' என்று எழுதி ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்தை எடுத்தால் வரும் வரிசை அது. வலுவானது எம், மென்மையானது கே. டைப் எஸ் என்பது சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 1800 இறாத்தல் அழுத்தம் தாங்க வேண்டிய சாந்து, உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் டைப் ஓவுக்கு 350. அதாவது உங்கள் கொந்தராத்துக்காரர் தருகிறேன் என்று சொல்லும் 'வலு' ஐந்து மடங்கு. நிலத்துக்கடியில் மண்ணைத் தாங்கும் கொங்கிறீற் கல் சுவருக்கு அது சரியான சாந்து. 1926ஆம் ஆண்டுச் செங்கல்லுக்கு அது எதிரி. அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை, புதுக் கட்டடங்களில் பழகியவர்கள் வலு என்றால் நல்லது என்றே நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் சுண்ணாம்பில் எழும்பியவை, நம் ஆட்கள் அதைச் சீமெந்தால் 'திருத்தி' பூச்சு வெடித்துக் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கடையில் 'டைப் எஸ்' என்று போட்ட சுண்ணாம்புப் பையும் இருக்கும். அது சாந்தின் பெயர் அல்ல, சுண்ணாம்பின் தரம். அந்தப் பை உங்களுக்கு வேண்டும். டைப் எஸ் சாந்துப் பைதான் வேண்டாம். இரண்டையும் மாற்றி வாங்கி வந்தவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சீலர், பெயின்ற் இரண்டுக்கும் ஒரே பதில். முகத்தை மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், கல் இன்னும் ஆழமாகப் பிளக்கும். மூச்சு விடும் வகைச் சீலர்கள் இருக்கின்றன, உண்மைதான், ஆனால் தண்ணீர் வரும் வழியை அடைக்காமலும் சாந்தைத் திருத்தாமலும் அதை அடித்துப் பயனில்லை, திருத்திய பிறகு அநேகமாக அது தேவைப்படாது. மணல் வீசிச் சுவரைக் கழுவித் தருகிறோம் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள். சூளையில் வெந்த கல்லுக்கு வெளியே ஒரு இறுகிய தோல் உண்டு, மணல் அதைத்தான் உரிக்கும்.

அக்டோபர் பற்றிக் கேட்டீர்கள். சுண்ணாம்பு கூடுதலாக உள்ள சாந்து மெதுவாகத்தான் இறுகும், பச்சையாக இருக்கும்போது உறைபனி பட்டால் மாவாகிவிடும். பகலும் இரவும் 5 பாகைக்கு மேலே பல நாட்கள் நிற்க வேண்டும், வைத்து முடிந்த பிறகும் சில கிழமைகள் உறையக் கூடாது. ஆகவே மே மாதம் தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் முடிப்பதுதான் நல்லது. இப்போது செய்ய வேண்டியது தண்ணீரை நிறுத்துவது. வாசற்படிக்கு மேலுள்ள பீலியைப் பாருங்கள், இலை அடைத்து அந்தச் சுவரில்தான் வழிகிறதா? இறங்குகுழாய் சுவரடியில் கொட்டாமல் ஆறேழு அடி தள்ளிக் கொட்டட்டும். பனியை வழித்துச் சுவரோடு குவிக்காதீர்கள். படியில் உப்புத் தூவுவதை நிறுத்துங்கள், மணல் போடுங்கள். உருகிய உப்புத்தண்ணீரைக் கல் குடிக்கிறது, காயும்போது உள்ளே உப்புப் பளிங்காக வளர்ந்து உறைபனி செய்யும் அதே வேலையைச் செய்கிறது. சுவரின் கீழ் இரண்டடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது இந்த உப்பின் அடையாளமாக இருக்கலாம், உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போகும்.

புகைபோக்கி தனிக் கதை. நாலு பக்கமும் காற்றும் மழையும் அடிக்கும், உள்ளேயிருந்தும் நனையும். உங்கள் ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பு) புதுசா என்று பாருங்கள். அதிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் பக்கச் சுவர் வழியாக வெளியே போகிறது என்றால், முன்பு புகைபோக்கியைச் சூடாக வைத்திருந்த அடுப்பு இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. தண்ணீர் சூடாக்கும் தாங்கி மட்டும் தனியாக அதில் புகை விடுகிறது. பெரிய குளிர்ந்த குழாய்க்குள் கொஞ்சப் புகை போனால் நீராவி பாதிவழியிலேயே தண்ணீராகிச் சுவரில் ஊறும், ஜனவரியில் அது உறையும். வெளியே எத்தனை தரம் பொயின்ரிங் செய்தாலும் இது நிற்காது. உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளி ஒருவரை அழைத்து உள்ளே சரியான அளவு உலோகக் குழாய் தேவையா என்று இந்த மாதமே கேளுங்கள், இதற்கு மே வரை காத்திருக்க வேண்டாம். உதிர்ந்த கல் உள்ளே விழுந்து வழியை அடைத்தால் நச்சுப் புகை வீட்டுக்குள் திரும்பும். எதுவுமே அந்தப் புகைபோக்கியைப் பயன்படுத்தவில்லை என்றால் கூரைக்குக் கீழே வரை இறக்கிக் கூரையை மூடிவிடுவதும் நேர்மையான தீர்வுதான். வைத்திருப்பதென்றால் தலையிலுள்ள கொங்கிறீற் மூடி கல்லைவிட இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டு, அடியில் தண்ணீர் சொட்ட ஒரு வெட்டுக்கோடும் இருக்க வேண்டும்.

சரி, மே மாதம். போட்ட சீமெந்தை எல்லாம் எடுக்க வேண்டுமா? இல்லை. இப்படியான வேலைகளில் அநேகமாகப் பழைய சாந்தைச் சரியாகச் சுரண்டாமல் மேலே கால் அங்குலத்துக்குத் தடவியிருப்பார்கள். உளியால் மெதுவாகத் தட்டினால் தகடுபோல் கழன்றுவிடும். கழராமல் கல்லோடு இறுகியிருந்து அந்தக் கல்லும் நலமாக இருந்தால் தொடாதீர்கள், எடுக்கப் போய்க் கல்லின் விளிம்பு உடையும். கல் உதிரும் இடங்களில் மட்டும் எடுக்க வேண்டும். சாந்து வெட்டும் கிரைண்டரைக் கிடை மூட்டின் நடுவில் மட்டும் ஓட விடலாம். நிலைக்குத்து மூட்டுக்குள் அது போனால் மேல் கல்லையும் கீழ்க் கல்லையும் வெட்டிவிடும், நூறு வருடக் கல்லில் அந்த வடு நிரந்தரம். தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது, சாதாரணத் துணி முகமூடி போதாது.

மூட்டு எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும், 10 மில்லிமீற்றர் மூட்டென்றால் 25. தூசியை ஊதி, கல்லை நனைத்து, மேற்பரப்பு ஈரம் உறிஞ்சிய பிறகு சாந்து வையுங்கள். ஒரே தடவையில் அடைக்கக் கூடாது, கால் அங்குலப் படையாக வைத்து, பெருவிரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்த பிறகு அடுத்த படை. குழைச்சல், சீமெந்து ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது. இதுதான் டைப் ஓ, புகைபோக்கிக்கும் வாசற்படிப் பக்கத்துக்கும் இது போதும். சுவரின் மற்ற இடங்களில் கல் மிக மென்மையாக இருந்தால் சீமெந்தே இல்லாத இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு, 3.5 என்று தரமிட்டது, இன்னும் நல்லது. வைத்து முடிந்ததும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நாலைந்து நாள் வெயில் படாமல் பார்க்க வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முகம் போன கற்களை என்ன செய்வது? மேலே சீமெந்து தடவிச் சிவப்புச் சாயம் பூசித் தருவார்கள், ஒரு குளிர்காலம் தாங்காது. கல்லைச் சுற்றிச் சாந்தைச் சுரண்டி முழுதாக வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பல வேளைகளில் போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கும், அதை முன்னால் திருப்பி வைத்துவிடலாம். மற்றவற்றுக்குப் பழைய கல் தேடுங்கள். இந்த நகரத்தின் பழைய கற்களில் எத்தனையோ, 'டொன் வலி' பள்ளத்தாக்கிலிருந்த செங்கல் சூளையில் வெந்தவை, 1889இல் தொடங்கிய இடம் அது, இன்று பொதுமக்கள் போய்ப் பார்க்கும் இடமாக இருக்கிறது. உங்கள் தெருவிலேயே வீடு இடிக்கும்போது கேட்டால் கிடைக்கும். கடையில் வாங்கும் புதுக்கல் கடினமும் வேறு, அளவும் வேறு. யன்னலடியில் மணற்கல் இருந்தால் அது எந்தப் பக்கமாகப் படைபடையாகக் கழருகிறது என்று கவனியுங்கள். மலையில் படுத்திருந்த படை சுவரில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தால் புத்தகத் தாள் போலக் கழரும், அதைச் சாந்தால் ஒட்ட முடியாது.

இதைப் படிக்கும் ஸ்காபரோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1960களுக்குப் பிந்திய உங்கள் வீடுகளில் செங்கல் பெரும்பாலும் வெளித்தோல் மட்டும், பின்னால் மரச்சட்டமும் இடைவெளியும் இருக்கும். அங்கே டைப் என் சாந்து சரி. ஆனால் கீழ் வரிசையில் இரண்டடி இடைவெளிக்கு ஒன்றாக விட்டிருக்கும் ஓட்டைகளை எலி வருகிறது, குளவி வருகிறது என்று அடைத்துவிடாதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வரும் வழி அது. வலை வையுங்கள். கேள்வி கேட்டவர் வீடு அப்படியல்ல, 1926 என்றால் இரட்டைச் சுவராகத்தான் இருக்கும், ஆறேழு வரிசைக்கு ஒருமுறை கல்லின் குறுகிய தலைப்பக்கம் முகத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளேயிருந்து ஸ்பிறே நுரை அடித்துச் சூடு காக்கும் யோசனையையும் நிறுத்தி வையுங்கள், சுவர் இன்னும் குளிர்ந்து காயாமல் போகும்.

மே மாதம் வரும் மேசனிடம் குழைச்சல் விகிதத்தைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சதுர மீற்றர் மட்டும் முதலில் செய்து காட்டட்டும், காய்ந்த பிறகு நிறம் பார்க்கலாம். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று நகரசபையில் கேட்டுவிடுங்கள், இருந்தால் முன்னனுமதி தேவைப்படலாம். அப்புறம், முன்வாசல் கூரைக்கு அடியில் நீங்கள் கீறிப் பார்த்த அந்தப் பழைய சாந்தில் ஒரு கட்டியை உடைத்து ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். புதுச் சாந்தின் நிறத்தையும் மணலின் பருமனையும் அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், மேசனிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.