பல வருடங்களுக்கு முன் ரசித்த பாப் பாடல்களை மறுபடி தேடிக் கேட்டதுண்டா? அன்றைய சுகம் கிடைத்ததா, இல்லை எல்லாம் வெறும் பழைய நினைப்புதானா?

சுகம் கிடைத்தது. ஆனால் சரியான பதிவைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

என்னிடம் 90 நிமிட கேசட் ஒன்று இருந்தது, பக்கத்துக்கு 45 நிமிடம். ரெக்கார்ட் பட்டன்மேல் விரலை வைத்துக் காத்திருந்து ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டுகள். அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் முன்னிசை பாதி ஓடியிருக்கும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு டேப் போதவில்லை. இரண்டாவது கோரஸ் ஆரம்பித்ததும் ‘டக்’கென்று நின்றுவிடும். கேட்டுக் கேட்டு, என்னைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது.

போன மாதம் அதை முழுசாகக் கேட்டேன். அந்த ‘டக்’குக்கு அப்புறம் இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது! கடைசி கோரஸில் சுருதியை ஒரு படி ஏற்றிப் பாடுகிறார்கள். பாட்டின் உயிரே அங்கேதான். இத்தனை வருடம் அது தெரியாமலே அதைப் பிடித்த பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதும் அந்த இடம் வந்தால் கேசட்டைத் திருப்பிப் போடக் கை பரபரக்கிறது.

இன்னொரு கூத்து. என் பழைய பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடும். அதனால் அசல் பதிவு, பாடகருக்குத் தூக்கம் வந்த மாதிரி கேட்டது. பழக இரண்டு நாள் ஆனது.

தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஹிட்களைப் பாடியவர்களே பின்னாளில் மறுபடி பாடிப் பதிவு செய்திருப்பார்கள். மூலப் பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடம் இருப்பதுதான் காரணம். தொகுப்பு ஆல்பங்களில் இந்த மறுபதிவுகள் நிறைய. அதே குரல், அதே மெட்டு, ஆனால் டிரம்ஸ் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டு முதலில் வந்த ஆல்பத்தைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. அதிலும் ரேடியோவுக்காக வெட்டிய வடிவம் வேறு, ஆல்பத்தில் உள்ள நீள வடிவம் வேறு.

பெயரே நினைவில்லாத பாட்டுகளுக்கு, 2020-இல் கூகுள் கொண்டுவந்த முணுமுணுத்துத் தேடும் வசதி கைகொடுத்தது. என் குரலுக்கே மூன்றாவது முயற்சியில் ஒன்று சிக்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் பழைய நினைப்புதானா என்று கேட்டால், முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1985-இல் வெளியிட்ட ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாட்டு அப்போது பிரிட்டனின் ஹிட் பட்டியலில் 3-ஆம் இடத்தோடு நின்றது. 2022-இல் ஒரு வெப் சீரிஸில் ஒலித்ததும் முதலிடத்துக்கே போனது. அதைக் கேட்டுக் கிறங்கியவர்களில் பலர் 1985-இல் பிறந்தே இருக்க மாட்டார்கள். மறுபக்கம், நான் உயிராக நினைத்த சில பாட்டுகளை முப்பது நொடிக்கு மேல் தாங்க முடியவில்லை. அவை எந்தெந்தப் பாட்டுகள் என்று மட்டும் கேட்காதீர்கள்.